கேட் இல்லாத பேக்டரி

இன்றைய எபிசோட் ஒரு ஹாஸ்டல் ரூமில் ஆரம்பிக்குது.

2014 நவம்பர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு என்ஜினியரிங் காலேஜில் நான் முதல் வருஷம். அந்த மாசம் 1-ஆம் தேதிதான் நோக்கியா பேக்டரியில் உற்பத்தி நின்றது. 2006-ல் திறந்த இடம். நல்லா ஓடின காலத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். மூடுவதற்கு முன்பே பல ஆயிரம் பேர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மெஸ், டீக்கடை, ஷேர் ஆட்டோ, எங்கே போனாலும் அதே பேச்சு.

அதே மாசத்தில்தான் என் முதல் சம்பாத்தியமும். சீனியர் ஒருத்தர் ஒரு மெயில் ஐடி கொடுத்தார். இங்கிலீஷில் கட்டுரை எழுதி அனுப்பினால் ஒரு சொல்லுக்கு 15 பைசா. 500 சொல் எழுதினால் 75 ரூபாய். நான் எழுதினது என்ன தெரியுமா? அமெரிக்காவில் கார்ப்பெட்டை எப்படி சுத்தம் செய்வது, புளோரிடாவில் ஏசி சர்வீஸுக்கு ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது. எங்கள் ஹாஸ்டலில் ஏசியும் கிடையாது, கார்ப்பெட்டும் கிடையாது. இதையெல்லாம் யார் படிக்கிறாங்க, எதுக்குன்னு எனக்குத் தெரியாது. எண்ணிக்கை சரியா இருந்தா காசு, அவ்வளவுதான்.

இது இன்டர்நெட் கண்டுபிடிச்ச புது வேலைன்னு அப்போ நினைத்தேன். இல்லை. இது ரொம்பப் பழைய வேலை.

வரிக்கு ஒரு பென்னி

திருப்பூரில் பீஸ் ரேட் என்று சொல்வார்கள். எத்தனை பீஸ் தைக்கிறீர்களோ அத்தனைக்குக் கூலி. எழுத்தில் அதற்கு முன்னோடிகள் 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் இருந்தார்கள். பத்திரிகையில் வேலைக்குச் சேராமல், தீ விபத்து, கொலை, நீதிமன்றச் செய்திகளை எழுதிக் கொடுத்து, அச்சான வரியை எண்ணிக் காசு வாங்குகிறவர்கள். அவர்களுக்குப் பெயரே 'பென்னி-எ-லைனர்', வரிக்கு ஒரு பென்னிக்காரர். வரியை எண்ணிக் காசு கொடுத்தால் என்ன நடக்கும்? 'வீடு எரிந்தது' என்று முடிக்க வேண்டியதை மூன்று வரிக்கு இழுப்பார்கள். அதற்காகவே அவர்கள் கேலிக்கும் ஆளானார்கள். எண்ணுகிற முறை எழுத்தையே மாற்றிவிடும். இந்த எபிசோட் முழுக்க இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

நம்ம ஊரில் பிரச்சினை வேற மாதிரி. இங்கே எண்ணிக் கொடுப்பதற்கே ஆள் இல்லை. 1933-ல் தொடங்கின மணிக்கொடி நவீனத் தமிழ்ச் சிறுகதைக்கு அடித்தளம் போட்ட பத்திரிகை. பணத்தில் மட்டும் கடைசி வரை தள்ளாட்டம்தான். அதில் எழுதின புதுமைப்பித்தன் 1948-ல் காசநோயில் இறந்தபோது வயது 42. மனைவிக்கு அவர் எழுதின கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. அதில் பணக் கஷ்டம் திரும்பத் திரும்ப வரும். எழுத்து கரும்பு, கரும்பு தின்னக் கூலியா என்கிற மனநிலை. அது இன்றைக்கும் முழுசா போகவில்லை.

15 டாலர் கட்டுரைகள்

இப்போது 2006-ன் அமெரிக்காவுக்கு வருவோம். நோக்கியா இங்கே உற்பத்தி ஆரம்பித்த அதே வருஷம் அங்கே டிமாண்ட் மீடியா என்ற கம்பெனி தொடங்கியது. நான் ஒரு புரோகிராமர், அதனால் அதன் டிசைனைப் பார்த்தால் கொஞ்சம் அசந்துதான் போவேன். மக்கள் தேடுபொறியில் என்ன தேடுகிறார்கள், அந்தத் தேடலுக்கு விளம்பரதாரர் எவ்வளவு கொடுப்பார், ஏற்கெனவே எத்தனை பேர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இந்த மூன்றையும் அல்காரிதம் கணக்குப் போட்டுத் தலைப்பைத் துப்பும். லாபம் வரும் என்று தெரிந்த பிறகுதான் எழுத ஆள் தேடுவார்கள். ஒரு கட்டுரைக்குப் பொதுவாக 15 டாலர். 2009-ல் வயர்ட் பத்திரிகை எழுதியபடி, ஒரு நாளைக்கு வீடியோவும் கட்டுரையுமாக 4,000 உருப்படிகள்.

அசோசியேட்டட் கன்டென்ட் என்று இன்னொன்று. 2010-ல் யாஹூ அதைச் சுமார் 10 கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது. 2011 ஜனவரியில் டிமாண்ட் மீடியா பங்குச் சந்தைக்கு வந்தபோது, முதல் நாளிலேயே அதன் மதிப்பு நியூயார்க் டைம்ஸ் கம்பெனியைத் தாண்டியது. அடுத்த மாசமே கூகுள் தன் தேடல் முறையை மாற்றியது. பாண்டா என்று பெயர் வைத்த அந்த அப்டேட், மேலோட்டமான கட்டுரைகளைக் கீழே தள்ளியது. யாஹூ தான் வாங்கினதை 2014-ல் மூடியே விட்டது.

நான் எழுதின 75 ரூபாய் கட்டுரைகள் அந்தப் பெரிய அலை வடிந்த பிறகு கரையில் கிடந்த மிச்சம்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நோக்கியா தொழிலாளர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. உண்ணாவிரதம் இருந்தார்கள், பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார்கள். பேக்டரி மூடியது உண்மை. ஆனால் நிற்பதற்கு ஒரு கேட் இருந்தது. கேட் மீட்டிங் போட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கார்ப்பெட் பற்றி எழுதின எனக்கு இருந்தது ஒரு மெயில் ஐடி மட்டும்.

ஆலமரத்தடி

தமிழில் இதே விளையாட்டு நடந்து, எழுத்துக்காரர்கள் கேட்டை மூடின கதை ஒன்று இருக்கிறது. அதிகம் பேசப்படாத கதை.

2008-ல் கூகுள் ஒரு முயற்சி ஆரம்பித்தது. இந்தியாவில் மக்கள் அதிகம் தேடிப் படிக்கிற ஆங்கில விக்கிப்பீடியா கட்டுரைகளைக் கணக்கெடுத்து, அவற்றை மொழிபெயர்ப்பது. முதலில் இந்தி, பிறகு தமிழ், தெலுங்கு, கன்னடம், குஜராத்தி, கூடவே அரபு, சுவாஹிலி. கூகுளின் மொழிபெயர்ப்புக் கருவியில், பெருமளவு கூலிக்கு அமர்த்தின மொழிபெயர்ப்பாளர்களை வைத்து நடந்த வேலை. 2010 ஜூலையில் இந்த மொழிகளில் மொத்தம் 1.6 கோடி சொற்கள் ஆகிவிட்டன என்று கூகுள் அறிவித்தது. கவனிச்சீங்களா? அறிவிப்பே சொல் கணக்கில்தான் வருது.

தமிழ் விக்கிப்பீடியா 2003-லிருந்து தன்னார்வலர்கள் காசு வாங்காமல் கட்டினது. அப்போது 20,000 சொச்சம் கட்டுரைகள். அதற்குள் திடீரென்று மிக நீளமான கட்டுரைகள் வந்து விழுந்தன. அமெரிக்கப் பாப் பாடகர்கள், ஹாலிவுட் சமாசாரம், மருந்துப் பெயர்கள். வாக்கியங்கள் இயந்திரத் தமிழ். பக்கம் முழுக்கச் சிவப்பு இணைப்புகள், அதாவது தமிழில் இல்லாத கட்டுரைகளுக்குப் போகிற இணைப்புகள். எழுதினவர் போட்டுவிட்டுப் போய்விடுவார், கேள்வி கேட்டால் பதில் வராது. அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கூலி சொல்லுக்கு, பதிலுக்கு இல்லை.

தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கத்துக்குப் பெயர் ஆலமரத்தடி. ஊர்ப் பஞ்சாயத்து போல அங்கே கூடிப் பேசினார்கள். வங்காள விக்கிப்பீடியர்கள் இந்த வேலையை ஒரேயடியாகத் தடுத்துவிட்டார்கள். தமிழ்க்காரர்கள் கொஞ்சம் நிறுத்தி, நிபந்தனை வைத்தார்கள். ஏற்கெனவே போட்டதைத் திருத்துங்கள், தலைப்பை எங்களோடு பேசித் தேர்ந்தெடுங்கள், கேட்டால் பதில் சொல்லுங்கள். 2010-ல் போலந்தின் கிதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில், தமிழ் விக்கிப்பீடியர் அ. ரவிசங்கர் இந்தத் திட்டத்தைப் பற்றி ஒரு மதிப்பாய்வையே முன்வைத்தார்.

யோசித்தால் வேடிக்கைதான். காசு வாங்காதவர்கள்தான் வேலையின் தரத்தைப் பற்றிப் பேரம் பேச முடிந்தது. காரணம், ஒரு கேட்டும், ஒன்றாகக் கூடுவதற்கு ஒரு மரத்தடியும் அவர்கள் கையில் இருந்தன. பின்னாடி 2018-ல் கூகுளும் விக்கிமீடியாவும் சேர்ந்து வேங்கைத் திட்டம் என்ற கட்டுரைப் போட்டியை நடத்தின. இம்முறை மடிக்கணினியும் இணைய இணைப்பும் சமூகத்தின் கைக்கே வந்தன, தலைப்புப் பட்டியலிலும் அவர்கள் சொல்லுக்கு இடம் இருந்தது. இரண்டாவது சுற்றில் தமிழ் முதலிடம்.

பிரித்து எழுதினால் காசு

2018 பிப்ரவரியில் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவைக்குள் தமிழ் வந்தது. இந்திக்கு 2014 டிசம்பரிலேயே கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் தமிழ்க் கட்டுரைக்கும் சொல் ரேட் பேச ஆரம்பித்தார்கள். நானும் கொஞ்ச நாள் எழுதினேன். அப்போது ஒரு விஷயம் பிடிபட்டது. 'செய்துகொண்டிருக்கிறான்' என்றால் ஒரு சொல். 'செய்து கொண்டு இருக்கிறான்' என்றால் மூன்று. வேலை ஒன்றுதான், கூலி மூன்று மடங்கு. ரெண்டாவது கட்டுரையிலேயே நான் எல்லாவற்றையும் பிரித்து எழுத ஆரம்பித்துவிட்டேன். லண்டன் வரிக்காரர் செய்த அதே வேலை, 21-ஆம் நூற்றாண்டில், தமிழ்ப் புணர்ச்சி இலக்கணத்தின் மேல்.

2022 நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வந்தது. எண்ணிக்கை மட்டுமே கேட்ட வேலையை மெஷின் கிட்டத்தட்ட சும்மாவே செய்து கொடுக்கும். அதே ஆட்களுக்கு இப்போது மெஷின் எழுதினதைத் திருத்துகிற வேலை வருது. சொல் ரேட் இன்னும் கம்மி.

சட்டம் என்ன சொல்லுது? 1957 காப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியராக இல்லாமல் எழுதினால் பொதுவாக உரிமை எழுதினவருக்குத்தான். அதை மாற்றிக் கொடுக்க கையெழுத்திட்ட ஆவணம் வேணும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம்தான் செல்லும். 2020-ன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, பிளாட்பார்ம் தொழிலாளர் என்ற வகையை முதன்முறையாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதன் ஏழாவது அட்டவணையில் டாக்சி, உணவு டெலிவரியோடு கன்டென்ட், மீடியா சேவைகளும் இருக்கின்றன. 2025 நவம்பரில் அமலுக்கும் வந்தது. ஆனால் வாட்ஸ்அப்பில் டாபிக் அனுப்புகிற ஒருத்தர் அந்த வரையறைக்குள் வருவாரா என்பது வேற கேள்வி.

அந்த 15 பைசா கதையை முடிச்சுடறேன். நாலு மாசம் காசு ஒழுங்கா வந்தது. அஞ்சாவது மாசம் 3,150 ரூபாய் வரவில்லை. மெயில் போட்டேன், பதில் இல்லை. ஒரு நாள் மெஸ்ஸில் புலம்பினபோதுதான் தெரிந்தது, எங்கள் ஹாஸ்டலிலேயே நாலு பேர் அதே மெயில் ஐடிக்கு எழுதிக்கொண்டிருந்தோம். ஒருத்தனுக்கு 12 பைசா, ஒருத்தனுக்கு 20. ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல், ஒரே மாடியில், கதவைச் சாத்திக்கொண்டு.

அந்த நோக்கியா கட்டடத்தைப் பிறகு சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி வாங்கியது. இப்போதும் ஒரகடம் ஜங்ஷனில் ஷிப்ட் பஸ்கள் வரிசையாக நிற்கும்போது, இறங்குகிறவர்கள் பேசிக்கொண்டே கேட்டை நோக்கி நடப்பதைப் பார்க்கிறேன். எங்களுக்கும் ஒரு மெஸ் இருந்தது. மூணு வேளையும் ஒரே டேபிளில்தான் சாப்பிட்டோம். உனக்கு எவ்வளவு ரேட்டுன்னு யாரும் யாரையும் கேட்கவில்லை.

நீங்கள் இந்த வேலை செய்கிறவராக இருந்தால், இன்றைக்கு ஒருத்தரையாவது கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.