மண்ணெண்ணெய்க் காலத்துக் கரி

எஞ்சினுக்குள்ள படிஞ்ச கரியை, நல்ல ஒயில் ஊத்தினா கழுவி எடுக்கலாமா? எங்கட ஆட்களுக்கு இது போர்க்காலத்தோடயும் சேர்ந்த கேள்வி.

1990இல் வடக்குக்கு எரிபொருள் தடை வந்தபின், யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். களுதாவளை மாதிரித் தோட்ட ஊர்களில் தண்ணி இறைக்கிற மண்ணெண்ணெய் மெசினுக்கும் இதே முறைதான். ஆனால் பெற்றோலுக்கெனச் செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாததில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஒயிலை நீர்க்கச் செய்யும்; மிச்சம் கரியாகப் படியும்.

1930களில் கட்டர்பில்லர் டீசல் எஞ்சின்களிலும் ரிங்குகள் இப்படித்தான் கரியில் ஒட்டிக்கொண்டன. அந்தச் சிக்கலுக்காகத்தான் அழுக்கைக் கழுவும் மருந்து கலந்த ஒயில்கள் வந்தன. அந்த மருந்து அமிலத்தை முறிக்கும். கரித்துகள்கள் திரளாமல் மிதக்க வைக்கும். ஒயில் கறுக்குது எண்டா அது வேலை செய்யுது.

ஆனா ஒயில் போகாத இடத்தை அது கழுவாது. பிஸ்டன் தலையில் இறுகின கரியை எடுக்க, ஹெட்டைக் கழற்றிச் சுரண்டத்தான் வேணும். பழைய சேறு ஒரேயடியாகக் கழன்றால் ஒயில் போகும் வழியையே அடைத்துவிடும்.

பெற்றோல் கிடைக்காத ஊரில் எஞ்சின்களை ஓட வைத்தது, அப்படிக் கழற்றிச் சுரண்டிய கைகள்தான். எங்கட போர் வரலாற்றில் அவங்களைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. உங்கட ஊர்க் கராச்சில் அப்படி ஒருவர் இருந்தால், இப்பவே கேட்டு எழுதி வையுங்க.