பாரா, பப்பா, வீடா? எங்கே உட்காருவது என்பதை எது முடிவு செய்கிறது?

திருப்பாலைவனம், பழவேற்காடு பக்கம் ஏரியில் வலை போட்டுத் திரும்புபவர்கள் கூடிப் பேச டீக்கடை இருக்கு, மர நிழல் இருக்கு. ஆனால் மது என்று வந்தால் எங்கே போவது?

ஊருக்குள் பப் ஏன் இல்லை?

'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். பிரிட்டனில் தெருமுனையிலேயே இருக்கும். குடிக்காதவர்களும் சாப்பிட, பேசப் போவார்கள். வீட்டுக்கும் வேலைக்கும் வெளியே மனிதர்கள் கூடும் இதுபோன்ற இடங்களை, 'மூன்றாம் இடம்' என்று 1989-ல் எழுதினார் அமெரிக்க சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க்.

தமிழ்நாட்டில் பப்கள் பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டல்களுக்கான எஃப்.எல்.3 உரிமத்தில்தான் நடக்கின்றன. அதனால் அவை பெருநகரங்களோடு நின்றுவிட்டன. 2003 நவம்பர் முதல் மது சில்லறை விற்பனை டாஸ்மாக் வசம். சாமானியருக்குக் கிடைப்பது கடையை ஒட்டிய பார்தான். அங்கே பெண்களுக்கோ குடும்பத்துக்கோ இடமில்லை.

வீட்டை ஏன் தேர்வு செய்கிறார்கள்?

முதல் காரணம் செலவு. பாரில் சைடு டிஷ், தண்ணீர், கிளாஸ் என எல்லாவற்றுக்கும் தனிக் காசு. அடுத்தது, ஊர்க்காரர் கண்ணில் படாமல் இருக்கலாம். குடித்துவிட்டு வண்டி ஓட்ட வேண்டியதில்லை. கொரோனா காலமும் இதைப் பழக்கியது. 2020 மே மாதம் டாஸ்மாக் கடைகள் திறக்கத் தொடங்கியும், பார்கள் டிசம்பர் இறுதி வரை மூடியே கிடந்தன.

ஏரிக்கரையில் உட்கார்ந்தால்?

பொது இடத்தில் மது அருந்துவது குற்றம். அதோடு, உடைந்த பாட்டில் வெறுங்காலோடு கரையில் இறங்குபவரின் காலைக் கிழிக்கும். இதுபோன்ற பிரச்சினைக்காகத்தான் 2022-ல் நீலகிரியில், காலி பாட்டிலைக் கொடுத்தால் 10 ரூபாய் திருப்பித் தரும் திட்டம் தொடங்கியது.

வீடு யாருக்கு வசதி?

கடை இரவு 10 மணிக்கு மூடிவிடும். வீட்டில் மூடும் நேரம் கிடையாது. போதும் என்று சொல்லவும் ஆள் இல்லை. மனைவி சொன்னால் அதுவே சண்டையாகிவிடும். கணவர் அடிக்கடி போதையில் இருக்கும் வீடுகளில் மனைவி மீதான வன்முறை மிக அதிகம் என்கிறது தேசிய குடும்ப நல ஆய்வு (2019–21). குடிப்பவருக்குக் கிடைக்கும் வசதிக்கு விலை கொடுப்பது பெண்களும் குழந்தைகளும்தான்.

உதவி தேவையா?

குடிப்பழக்கத்திலிருந்து மீள 14446, பெண்களுக்கான உதவிக்கு 181 என்ற எண்களை அழைக்கலாம்.