கார் ஷெட்டுக்கு முன்னாடி ஒரு குழி

இந்த எபிசோடு ஒரு கார் ஷெட்டைப் பத்தி. சிரிக்காதீங்க, வரலாறு வரும்.

அரிமளத்துலருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார்: "வீட்டுப் பக்கவாட்டுல கார் ஷெட் போடுறேன். இது செம்மண் பூமி, மண்ணெல்லாம் பார்க்க வேணாம், ரெண்டடி வானம் தோண்டினா போதும்னு கொத்தனார் சொல்றார். நம்பலாமா?" சிவில் படிச்சுட்டுக் கோட் எழுதுற கூட்டத்துல நானும் ஒருத்தன்ங்கிறதால இந்த மாதிரி கேள்வி எனக்கு அடிக்கடி வரும். பாதி நம்பலாம். மிச்சப் பாதியைப் பேசத்தான் இந்த எபிசோடு.

அரிமளம் புதுக்கோட்டைக்குத் தெற்கே, திருமயம் தாலுகாவுல இருக்கு. இந்த மாவட்டத்து மண்ணைப் பத்திப் பேசினா முதல்ல செம்புராங்கல்லைப் பத்திப் பேசணும். உலகம் இதை லேட்டரைட்னு கூப்பிடுது. அந்தப் பேரை வெச்சவர் பிரான்சிஸ் புக்கானன். திப்பு சுல்தான் விழுந்த மறுவருஷம், 1800-ல, கம்பெனிக்காக மைசூர், மலபார் பக்கமெல்லாம் சுத்தினவர். கேரளாவுல அங்காடிப்புரம்ங்கிற ஊர்ல ஜனங்க தரையிலருந்து கல்லை வெட்டி எடுக்கிறதைப் பார்த்தார். வெட்டும்போது மெத்துனு இருக்கு, காத்துல கிடந்தா இறுகிடுது. செங்கல்லுக்கான லத்தீன் சொல்லை எடுத்து 1807-ல வந்த புத்தகத்துல பேர் வெச்சார். சூளை இல்லாத செங்கல். நம்ம ஊர்க்காரங்க அதை வெச்சுப் பல நூறு வருஷமா சுவர் எழுப்பிட்டுதான் இருந்தாங்க, அது வேற விஷயம்.

கொத்தனார் சொல்றதுல பாதி சரிங்கிறது இதனாலதான். செம்புராங்கல் தரை நல்ல தரை. ஆனா அது ஒரு தொப்பி மாதிரி. மேல கடப்பாறை தெறிக்கிற மாதிரி கெட்டியா இருக்கும், அதுக்குக் கீழ மெத்துனு களிமண் இருக்கலாம். அந்தத் தொப்பி ஒரு இடத்துல ஆறடி கனம், நாலு வீடு தள்ளி அரையடி. "செம்மண் பூமி"ங்கிறது ஊருக்கான பதில். உங்க பத்துக்கு இருபதடி இடத்துக்கான பதில் இல்லை.

அப்போ எப்படித் தெரிஞ்சுக்கிறது? நம்ம பக்கத்துலயே ரொம்பப் பழைய வழி ஒண்ணு இருக்கு. மயமதம்னு ஒரு கட்டடக்கலை நூல், சமஸ்கிருதத்துல எழுதினது, சோழர் காலத்தை ஒட்டினதுன்னு ஆய்வாளர்கள் கணிக்கிறாங்க. அதுல சொல்றது: ஒரு குழி தோண்டு. தோண்டின மண்ணைத் திருப்பி அதே குழியில போடு. மண் மிஞ்சினா நல்ல இடம், சரியா நிரம்பினா சுமார், பத்தாம போனா அந்த இடம் வேண்டாம். இன்னொண்ணு: பொழுது சாயும்போது குழியில தண்ணி ஊத்து, காலையில வந்து பாரு.

முதல் சோதனையில நல்ல லாஜிக் இருக்கு. இறுகிக் கிடக்கிற மண்ணைத் தோண்டினா அது பொலபொலத்து உப்பும், திரும்ப அதே குழிக்குள்ள அடங்காது. முன்னாடியே தளர்வா, பொந்து பொந்தா கிடந்த மண்ணுதான் குறையும். நாம இன்னைக்கு அடர்த்தின்னு எண்ணுல எழுதுறதை அவங்க கண்ணால அளந்திருக்காங்க. தண்ணி சோதனையும் அப்படித்தான், மண் எவ்வளவு தண்ணியை விடும், எவ்வளவு பிடிச்சு வெச்சுக்கும்னு தெரியும். ஆனா அதே நூல் வெள்ளை மண் பிராமணருக்கு, சிவப்பு க்ஷத்திரியருக்குன்னு நிறம் பார்த்து வருணத்துக்குப் பிரிச்சும் கொடுக்குது. குழியை எடுத்துப்போம், அதை அங்கேயே விட்டுடுவோம்.

இப்போ சுமை. கார் கனமாச்சே, தரை அமுங்காதான்னு எல்லாரும் பயப்படுறாங்க. கணக்குப் போடுங்க: ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பத்தடி உயரம், ஒரே ஒரு மீட்டர் நீளம், சுமார் 1,300 கிலோ. ஒரு சின்ன காரை விட அதிகம். ஷெட்டுக்கு கார் பிரச்சினையே இல்லை. என் கணக்குல பிரச்சினை தண்ணி.

இங்கதான் அரிமளத்தோட வரலாறு உதவுது. இது நகரத்தார் ஊர்கள்ல ஒண்ணு. பூம்புகார்ல கடல் கொண்டதாலதான் அந்த முன்னோர்கள் உள்நாட்டுக்கு வந்தாங்க, அந்தப் பயத்துலதான் வீட்டை உசத்திக் கட்டினாங்கன்னு ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, பேஸ்மட்டம் உசரம்கிறது கண்ணுக்கு முன்னாடி நிக்குது. படியேறித்தான் திண்ணை. கூரைத் தண்ணி முற்றத்துக்கு, அங்கருந்து தெரு வழியா ஊரணிக்கு. பொதுவா இந்தப் பக்கத்து நிலம் மேற்கே உசந்து தென்கிழக்கே கடலை நோக்கிச் சரியுது. ஒரு கண்மாய் நிரம்பினா கலுங்கு வழியா வழிஞ்சு அடுத்த கண்மாய்க்குப் போகும். 1878-ல புதுக்கோட்டைக்கு திவானா வந்த சேஷய்ய சாஸ்திரியும் குளம், கண்மாய்ங்களைச் சீர்படுத்துறதுல நிறைய உழைச்சார். தண்ணிக்கு வழி விட்டுட்டு வீடு கட்டின ஊர்கள் இதெல்லாம்.

அப்புறம் கார் வந்துச்சு. கார் படியேறாது. உசரத்துல இருந்த வீட்டுல, தெரு மட்டத்துக்கு இறங்கியே தீரணும்னு ஆன முதல் அறை கார் ஷெட்தான்! எனக்கு இது பெரிய விஷயமா படுது. அத்தனை தலைமுறை சேர்த்த உசரத்தை ஒரு சாய்தளத்துல விட்டுடுறோம். போதாததுக்கு ரோடு போடும்போதெல்லாம் பழசைச் சுரண்டாம மேலயே தாரை ஊத்தினா, ரோடு ஏறும், ஷெட் பள்ளமாகும்.

அதனால நேயரே, முதல்ல மண்ணைப் பார்க்காதீங்க, சரிவைப் பாருங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில உங்க இடத்துல தண்ணி எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகுதுன்னு பக்கத்து வீட்டு அப்பத்தாகிட்ட கேளுங்க. கொத்தனார்கிட்ட டியூப் லெவல் இருக்கும், ரெண்டு ஆள் பிடிச்சா நாலு மூலையோட உசர வித்தியாசமும் அரைமணி நேரத்துல தெரிஞ்சுடும். ஷெட் தரை ரோட்டை விட உசரமா, பத்தடிக்கு ஒரு அங்குலமாவது வெளிப்பக்கம் சரிவா இருக்கணும். பழைய வரத்து வாரி மேல நிக்குற இடம்னா ஷெட்டை நகர்த்துங்க. வாரியை நகர்த்த முடியாது.

அடுத்து அந்த ரெண்டடி. இந்தியத் தர விதி ஐ.எஸ். 1904 குறைஞ்சது 50 சென்டிமீட்டர் ஆழம் கேட்குது, ரெண்டடின்னா 60. சரிதான். ஆனா அந்த ஆழம் இயற்கையான தரைமட்டத்துலருந்து. மேல கொட்டி நிரவின கிராவல் கணக்குல வராது. கொட்டின மண்ணை அரையடி அரையடியா தண்ணி விட்டுத் திமிசு போட்டிருந்தாலும் சுவர் அடிமண்ணுக்குப் போயே ஆகணும்.

தகர ஷீட் கூரைன்னா இன்னொரு கணக்கும் இருக்கு. 2018 நவம்பர் 16, கஜா புயல். புதுக்கோட்டை மாவட்டத்துல மரம் மட்டுமா போச்சு? காத்து ஷெட்டைக் கீழ அமுக்காது, மேல தூக்கும். லேசான கூரைக்கு அஸ்திவாரம் தாங்குறதுக்கு இல்லை, பிடிச்சு வெச்சுக்க. தூணோட அடிக் கான்கிரீட்ல கஞ்சத்தனம் வேண்டாம்.

கண்மாய் உள்வாய்ப் பக்கத்துக் களிமண்ணா இருந்தா மட்டும் லேப்ல கொடுங்க. அங்க சுவாரசியமா ஒண்ணு பண்ணுவாங்க: பத்து கிராம் மண்ணைத் தண்ணியிலயும், இன்னொரு பத்து கிராமை மண்ணெண்ணெயிலயும் போட்டு 24 மணி நேரம் விடுவாங்க. மண்ணெண்ணெயில களி உப்பாது, தண்ணியில உப்பும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்க தரை நாளைக்கு எவ்வளவு விரிசல் விடும்னு சொல்லும்.

மத்தபடி, நாளைக்கே ஒரு மூணடிக் குழி தோண்டுங்க. ஒரு மூலையில இல்லை, ரெண்டு மூலையில. திரும்ப மூடும்போது மண் மிஞ்சுதா, குறையுதான்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.