"பால் பத்தலை" என்னும் தீர்ப்பு: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பகுதிகளில் பச்சிளங்குழந்தையின் எடையை வாசித்தல்

கல்வராயன் மலை ஊர் ஒன்றில், பிள்ளை பெற்ற வீட்டுத் திண்ணையை நினைத்துக்கொள்வோம். பிறந்து பதினான்காம் நாள். ஆஷா பணியாளர் தொங்குதராசை உயர்த்திப் பிடிக்கிறார். துணித்தொட்டிலில் கிடக்கும் குழந்தை காலை உதைக்க, முள் ஆடுகிறது. பிறந்தபோது 2,600 கிராம். இப்போது முள் 3,100ஐத் தொடுவதும் விலகுவதுமாக இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் மாமியார் தராசைப் பார்க்கவே இல்லை. "ஏம்மா, ராவும் பகலும் மாருலயே கெடக்குது. இவளுக்குப் பால் பத்தலை. பாட்டில் பால் போட்டுடலாமா?" என்கிறார். எண்கள் நான் எடுத்துக்காட்டுக்கு வைத்தவை. அந்தக் கேள்வி மட்டும் மலையிலும், கீழே கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் வீடுகளிலும் ஓயாமல் கேட்கப்படுவது.

இரண்டே வாரத்தில் அரைக்கிலோ ஏறிய குழந்தைக்குப் பால் போதவில்லை என்று ஒரு வீடே ஒருமனதாக முடிவுகட்டுகிறது. ஏன்? குழந்தை எத்தனை முறை குடிக்கிறது என்பதை வீடு எண்ணுகிறது. எவ்வளவு ஏறியது என்பதைப் பார்ப்பதில்லை. பால் குடிக்கும் தடவை, பாலின் அளவுக்குச் சான்று ஆகாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அடிக்கடி குடித்து வேகமாக எடை ஏறும் தாய்ப்பால் குழந்தையைப் பற்றாக்குறையின் கண்ணாலும் பார்க்கக் கூடாது; அண்மைக் காலத்தில் நகரத்து மருத்துவமனைகளிலிருந்து கிளம்பியிருக்கும் உடற்பருமன் அச்சத்தின் கண்ணாலும் பார்க்கக் கூடாது. நம் சந்தேகம் போக வேண்டிய இடம் வேறு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் தராசு. கல்வராயன் மலையில் தராசு வந்த கதையே தாமதமானது. அங்கன்வாடித் தராசைக் கொண்டுவந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கியது. அப்போது இம்மலை சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் ஜாகிர்களின் பிடியில் இருந்தது. ஜாகிர் முறை முடிவுக்கு வந்தது 1976இல். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். சமவெளியில் கிராம சுகாதாரச் செவிலியர் செய்யும் வீட்டுப் பார்வையை மலை ஊர்களில் ஆஷா பணியாளர்களும் சுமக்கிறார்கள். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீட்டிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்பது வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தின் விதி.

இந்த நாள்களில் மூன்றாம் நாள் விசித்திரமானது. பிறந்த குழந்தை எடை இழப்பது இயல்பு. பிறவி எடையில் 7 விழுக்காடு வரை குறைவது பொதுவாகக் காண்பது. 10 விழுக்காட்டைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். இழப்பு ஆக ஆழமாக இருப்பது ஏறக்குறைய இந்த மூன்றாம் நாளில்தான். அதாவது, வீட்டுக்கு வரும் முதல் தராசு குழந்தையின் ஆகக் குறைந்த எடையைக் காட்டுகிறது. வீடும் முதல் முடிவை அன்றைக்கே எடுத்துவிடுகிறது. அறுவைப் பிரசவமானால் சிக்கல் கூடும். தாய்க்குப் பிரசவத்தின்போது ஏற்றிய குளுக்கோஸ், சலைன் நீரில் ஒரு பங்கு குழந்தையின் உடம்பிலும் சேர்ந்து பிறவி எடையைச் சற்று உயர்த்திக் காட்டும். அது சிறுநீராக வெளியேறும்போது "பிள்ளை இளைச்சுப்போச்சு" என்ற தோற்றம் வரும். 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காட்டுப் பிரசவங்கள் அறுவைப் பிரசவங்கள். எனவே இதை அரிதான விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது.

தராசின் இன்னொரு குறையும் கவனிக்கத் தக்கது. முள் தராசுகளில் பல 100 கிராமுக்கு ஒரு கோடு கொண்டவை. நாளுக்கு 30 கிராம் ஏறும் குழந்தை ஒரு கோடு நகர மூன்று நாளுக்கு மேலாகும். குழந்தையைச் சுற்றிய துண்டு, இடுப்புத்துணி, கழுத்தில் கட்டிய தாயத்து எல்லாம் சேர்ந்தால் அந்த ஒரு கோடு தானாகவே வந்துவிடும், தானாகவே போயும்விடும். ஆகவே ஒரு நாள் எடை என்று ஒன்று கிடையாது. வார எடைதான் உண்டு. கணக்கு பிறவி எடையிலிருந்து தொடங்காமல் ஆகக் குறைந்த எடையிலிருந்து தொடங்க வேண்டும். மேலே சொன்ன 2,600 கிராம் குழந்தை மூன்றாம் நாளில் 2,450க்கு இறங்கியிருந்தால், பதினொரு நாளில் ஏறியது 650 கிராம். நாளுக்கு ஏறக்குறைய 60. பால் பத்தாத தாயிடம் இந்தக் கணக்கு வராது.

சரி, 60 கிராம் என்பது மிகையா? இங்கே எந்த அளவுகோலை வைத்து அளக்கிறோம் என்ற கேள்வி வருகிறது. நெடுங்காலம் உலகம் கையில் வைத்திருந்தது 1977இன் அமெரிக்க வளர்ச்சிக் கோடு. அதில் பச்சிளம் பருவத்துக்கான தரவு ஒஹாயோ மாநிலத்து ஒரு சிறு ஆய்விலிருந்து வந்தது. அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் புட்டிப்பால் குடித்தவர்கள். அந்தக் கோட்டின் மேல் தாய்ப்பால் குழந்தையை வைத்தால் முதல் இரண்டு மூன்று மாதம் கோட்டைத் தாண்டி ஓடும். பிறகு கோட்டுக்குக் கீழே சரியும். ஓடும்போது யாரும் கேட்கவில்லை. சரியும்போது எல்லாரும் "பால் பத்தலை" என்றார்கள், கூழும் மாவும் சீக்கிரமே தொடங்கின. இதைத் திருத்தத்தான் உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் 1997 முதல் 2003 வரை சுமார் 8,440 குழந்தைகளை அளந்து புதிய நியமத்தை 2006இல் வெளியிட்டது. இந்தியக் குழந்தைகள் தெற்கு தில்லியைச் சேர்ந்தவர்கள். பின்னர் அங்கன்வாடிகளும் இந்த நியமத்துக்கு மாறின. இதன்படி ஆண் குழந்தையின் இடைநிலை எடை பிறப்பில் 3.3 கிலோ, ஒரு மாதத்தில் 4.5, இரண்டு மாதத்தில் 5.6. பெண் குழந்தைக்கு முறையே 3.2, 4.2, 5.1. இடைநிலைக் குழந்தையே முதல் மாதத்தில் ஒரு கிலோ அளவில் ஏறுகிறது. தொடக்க இழப்பைக் கழித்துப் பார்த்தால் நாளுக்கு 40 கிராம் அளவில் வரும். சராசரியே அதுவென்றால், 60 உயர்ந்த ஏற்றம்தான், நோய் அல்ல.

அடிக்கடி குடித்தல் எங்கிருந்து வருகிறது என்பதை மேற்கு ஆஸ்திரேலியாவில் 71 தாய்–சேய் இணைகளை வைத்து நடத்தி 2006இல் வெளியான ஆய்வு தெளிவாக்கியது. ஒன்று முதல் ஆறு மாதக் குழந்தைகள் நாளுக்குச் சராசரி 11 முறை குடித்தன. ஆனால் வீச்சு 6 முதல் 18 வரை. ஒரு நாளில் குடித்த பால் சராசரி 788 கிராம். அதிலும் 478 முதல் 1,356 வரை வேறுபாடு. எத்தனை முறை குடித்தது என்பதற்கும் நாள் முழுதும் எவ்வளவு குடித்தது என்பதற்கும் தொடர்பு இல்லை. ஒரு தாயின் மார்பு ஒரே நேரத்தில் நிறையப் பாலைத் தேக்கும். இன்னொரு தாயின் மார்பு குறைவாகத் தேக்கி விரைவில் மீண்டும் ஊறும். முதல் தாயின் பிள்ளை ஆறு முறையில் முடித்துக்கொள்ளும். இரண்டாமவளின் பிள்ளை பதினாறு முறை வரும். கோமுகி அணையில் தேங்கிய நீரும் மலையோடையில் ஓடும் நீரும் வயலுக்கு ஒன்றுதான்.

இதன் பின்னால் இருக்கும் உடலியல் எளிது. மார்பில் பால் தேங்கினால் சுரப்பு மட்டுப்படும். வெளியேறினால் சுரப்பு கூடும். முதல் வாரங்களில் குழந்தை ஓயாமல் உறிஞ்சுவது அடுத்த மாதத்துக்கான பாலை இப்போதே கேட்டுவைப்பது போன்றது. நீண்ட இடைவெளிக்குப் பின் நிறைந்த மார்பிலிருந்து முதலில் வரும் பாலில் கொழுப்பு குறைவு; காலியாகிக்கொண்டிருக்கும் மார்பிலிருந்து வரும் பாலில் கொழுப்பு அதிகம். சாயங்காலம் ஆனால் அரைமணிக்கு ஒருதரம் மாரைத் தேடும் பிள்ளைக்கு அளவில் சிறிய, ஆனால் செறிவான பால் கிடைக்கிறது. "பால் வத்திப்போச்சு, அதான் விடமாட்டேங்குது" என்று வீடு சொல்லும் அதே நேரத்தில்தான் எடை ஏறிக்கொண்டிருக்கிறது. மணி பார்த்துப் பால் கொடுக்கும் ஒழுக்கத்தை நியூசிலாந்தின் டிரூபி கிங் போன்றோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பினார்கள். அந்த ஒழுக்கம் வருவதற்கு முன் மனித இனம் இப்படித்தான் குடித்தது. கலஹாரிப் பாலைவனத்துக் குங் மக்களிடையே தாய்மார் பகலில் மணிக்குப் பலமுறை, சிறிது சிறிதாகப் பால் கொடுத்ததை 1980இல் கானர், வொர்த்மன் இருவரும் பதிவு செய்தார்கள். இதைச் சொல்லி, கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடித் தாய்மாரை "இயற்கையோடு இயைந்தவர்கள்" என்று புல்லரிக்கும் எண்ணம் எனக்கில்லை. சாமை அறுப்புக்கும் மரவள்ளி பிடுங்கவும் கூலிக்குப் போகும் தாயால் அடிக்கடி கொடுக்க முடியாது என்பதுதான் அங்குள்ள உண்மை. பிள்ளை வீட்டுக் கிழவியிடம், கிழவி கையில் சர்க்கரைத் தண்ணீர்.

இனி எதிர்வாதம். புனேயில் யாஜ்னிக் குழுவினர் 2003இல் காட்டிய செய்தி இன்று மருத்துவர்கள் பலரும் அறிந்தது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5. ஆனால் புனேக் குழந்தையின் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த தோற்றம், கொழுப்பு கூடிய உடல். அப்படியானால் சிறியதாகப் பிறந்து வேகமாக ஏறும் நம் குழந்தை நாளைய சர்க்கரை நோயாளி அல்லவா, ஏற்றத்தைக் கட்டுப்படுத்த வேண்டாமா என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. விடை இந்தியாவிலேயே இருக்கிறது. தில்லியில் 1969–72இல் பிறந்தவர்களைத் தொடர்ந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. 26 முதல் 32 வயதில் இருந்த 1,492 பேரில், சர்க்கரை நோயோ அதன் முன்நிலையோ வந்தவர்கள் குழந்தைப் பருவத்தில் கொழுத்திருந்தவர்கள் அல்லர். இரண்டு வயது வரை மெலிந்திருந்து, அதற்குப் பின் படிப்படியாக எடை கூடியவர்கள். தில்லி உட்பட ஐந்து நாட்டுத் தரவை ஒன்றுசேர்த்து 2013இல் வந்த ஆய்வும் இதையே உறுதிசெய்தது: முதல் இரண்டு ஆண்டின் ஏற்றம் பின்னாளில் உயரத்துக்கும் பள்ளிப்படிப்புக்கும் துணைநிற்கிறது, உயரத்துக்கு மிஞ்சிப் பிற்காலத்தில் ஏறும் எடைதான் கொழுப்பாகிறது. பிறந்த முதல் எட்டு நாளின் வேகமான எடையேற்றத்தைப் பிற்காலப் பருமனோடு இணைத்த புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வு முழுக்கப் புட்டிப்பால் குழந்தைகளை வைத்து நடந்தது என்பதை மேற்கோள் காட்டுவோர் மறந்துவிடுகிறார்கள். தாய்ப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 1 கிராம் புரதம். பசும்பாலில் 3 கிராமுக்கு மேல். குழந்தைப் பருவத்தின் மிகைப் புரதமே பருமனுக்கு வழிகோலுகிறது என்று ஐரோப்பிய ஆய்வுகள் காட்டுகின்றன. "பால் பத்தலை" என்று பசும்பாலைக் கலக்கும் வீடு, அஞ்ச வேண்டிய பொருளைத் தானே அழைத்துவந்து அஞ்ச வேண்டாத பொருளை விரட்டுகிறது.

எல்லாம் நலம் என்று சொல்லிக் கைகழுவவும் முடியாது. சில தாய்மாருக்குப் பால் மிகையாகச் சுரக்கும். குழந்தை வாய்வைத்ததும் பால் பீச்சியடிக்கும். புரையேறும், நிறையக் கக்கும், நுரைத்த பச்சை மலம் போகும், வயிறு இறுகி அழும். அழுவதால் மீண்டும் மார். எடை வேகமாக ஏறும். உல்ரிட்ஜும் ஃபிஷரும் 1988இல் விளக்கிய நிலை இது. இதற்கு வைத்தியம் மருந்தில் இல்லை. ஒரு பக்கத்தைக் குழந்தை தானாக விடும்வரை குடிக்கவிட்டுப் பிறகே மறுபக்கம். தாய் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்து கொடுத்தால் பாய்ச்சல் தணியும். "கக்கின பிள்ளை தக்கும்" என்று நம் கிழவிகள் சொன்னது இத்தகைய பிள்ளையைப் பார்த்துத்தான் என்று எனக்குத் தோன்றும். ஆனால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து மூச்சு வாங்கினாலோ, பச்சைப் பித்தமாக வாந்தி எடுத்தாலோ எடை எதுவாயினும் காத்திருக்கக் கூடாது.

நான் முன்னே ஒத்திவைத்த இடத்துக்கு வருகிறேன். நம் ஊரில் ஒரு குழந்தையைப் புகழும் சொல் "சமத்து". "பாலுக்கு அழுவதே இல்லை, போட்ட எடத்துல கெடக்கும்." இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தை, மஞ்சள் காமாலை ஏறிய குழந்தை, பிரசவ மருந்தின் மயக்கம் தெளியாத குழந்தை எல்லாம் சமத்தாகத்தான் இருக்கும். கேட்காது, கேட்காததால் கிடைக்காது, கிடைக்காததால் இன்னும் சோர்ந்து தூங்கும். உடம்பில் நீர் வற்றி உப்பு ஏறும் ஆபத்து இந்த அமைதிக்குள் இருக்கிறது. ஓயாமல் குடிக்கும் பிள்ளையைப் பார்த்துப் பதறும் வீடு, இந்தப் பிள்ளையைக் காட்டிப் பெருமைப்படுகிறது. என் கணிப்பில் மலையிலும் அடிவாரத்திலும் வீட்டுப் பார்வையின் முதல் வேலை இந்தச் சமத்துப் பிள்ளையைத் தேடிப் பிடித்து, இரண்டு மூன்று மணிக்கு ஒருதரம் எழுப்பிப் பால் கொடுக்கச் செய்வதுதான்.

ஐந்தாம் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மருத்துவமனைப் பிரசவம் 99.6 விழுக்காடு. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவை 55.1 விழுக்காடுதான். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளையும் மருத்துவமனை வரை கொண்டுவந்த மாநிலம், அவற்றில் பாதிக்குச் சற்று குறைவானவற்றை ஆறு மாதத்துக்குள்ளேயே வேறு பாலுக்கும் நீருக்கும் விட்டுக்கொடுத்திருக்கிறது. இந்த இழப்புக்கு வேலை, அறுவைப் பிரசவம், மாவுப்பால் கடை எனப் பல காரணம் உண்டு. இருந்தும், தராசைப் பாராமல் திண்ணையில் சொல்லப்படும் அந்த ஒரு தீர்ப்புக்கும் இதில் பெரும்பங்கு உண்டு என்றே கருதுகிறேன்.

மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாய்–சேய் பாதுகாப்பு அட்டையின் எச்சரிக்கை நிறங்கள் மாத எடைக்கானவை. முதல் பதினான்கு நாளைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. அட்டையின் ஓரத்தில் பேனாவால் இரண்டு கட்டம் போட்டால் போதும்: ஆகக் குறைந்த எடையும் அதன் நாளும் ஒன்றில், அதிலிருந்து வாரத்துக்கு ஏறிய கிராம் மற்றொன்றில். ஐந்தாறு நாள் ஆன பிள்ளை ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே ஆஷா பணியாளர் அந்தக் கட்டத்தை மாமியாரின் கண்ணெதிரே நிரப்பட்டும்.