ஒரே கப்பல், இரண்டு கரைகள்

டாம்பா என்ற நார்வே சரக்குக் கப்பலின் கதையை ஆஸ்திரேலியத் தேர்தல் கதையாகத்தான் பலரும் சொல்வார்கள். எனக்கு மனசை உறுத்துறது வேற ஒரு விஷயம்.

2001 ஆகஸ்ட் 26. கிறிஸ்துமஸ் தீவுக்கு வடக்கே, பழுதாகி மிதந்த மரப்படகிலிருந்து 433 பேரை டாம்பா ஏற்றிக்கொண்டது. பெரும்பாலோர் தலிபான்களிடமிருந்து தப்பி வந்த ஆப்கன் ஹஸாரா இனத்தவர். காப்பாத்தச் சொல்லி அழைப்பு விட்டதே ஆஸ்திரேலிய மீட்பு மையம்தான்! ஆனா கரைக்கு வரக் கூடாது என்றது அரசு. கப்பலில் ஊழியர்களே 27 பேர்தான். வந்தவர்கள் மேல்தளத்தில் கிடந்தார்கள். 29ஆம் தேதி கேப்டன் அர்னே ரின்னன் தடையை மீறி ஆஸ்திரேலியக் கடல் எல்லைக்குள் நுழைய, அதிரடிப்படை கப்பலில் ஏறியது.

அப்புறம்தான் பங்கீடு. குடும்பங்களும் துணையில்லாத சிறுவர்களுமாக 131 பேரை நியூசிலாந்து எடுத்துக்கொண்டது. மீதிப்பேர் நவுருவுக்கு. 21 சதுர கிலோமீட்டர் தீவு. பாஸ்பேட்டைத் தோண்டித் தீர்த்து, கஜானா காலியான நாடு. முகாமுக்கு இடம் தந்ததற்கு ஆஸ்திரேலியா சுமார் 2 கோடி டாலர் உதவி தந்தது. இதைப் போய் 'அடைக்கலம் தந்த நாடு' என்று எப்படிச் சொல்றது? வாடகைக்கு விட்ட இடம் என்றுதான் நான் சொல்வேன்.

நியூசிலாந்து போனவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் சில மாதங்களிலேயே அகதித் தகுதி கிடைத்துவிட்டது. நவுருவிலோ வருஷக்கணக்கில் காத்திருப்பு. 2003 டிசம்பரில் உண்ணாவிரதம். பலர் ஆப்கானிஸ்தானுக்கே திரும்பிப் போனாங்க. மிஞ்சியவர்களில் பலரைக் கடைசியில் ஏத்துக்கிட்டது யாரு? நியூசிலாந்தும், அதே ஆஸ்திரேலியாவும்தான்.