கால்சியம் புளூரைடு

ஒரு கால்சியம் அயனிக்கு இரண்டு புளூரைடு அயனிகள் என்ற கணக்கில் அமைந்த உப்பு. நிலத்தடியில் புளோரைட் என்னும் கனிமமாகக் கிடைக்கிறது. தூய படிகத்துக்கு நிறமில்லை. வேற்றுப் பொருள் கலந்தால் ஊதா, பச்சை, மஞ்சள் எனப் பல நிறம் காட்டும். நகத்தால் கீற முடியாது, கத்தியால் கீறலாம். 1,418 டிகிரி செல்சியசில் உருகும்.

தாதுவோடு இதைச் சேர்த்தால் உலையில் கசடு எளிதாக இளகி ஓடும். சுரங்கத் தொழிலாளர் அறிந்திருந்த இந்த வழக்கத்தை 1530இல் ஜெர்மானியர் அக்ரிகோலா எழுதிவைத்தார். 'ஓடுதல்' என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லே கனிமத்துக்குப் பெயராயிற்று. புளூரினுக்கும் அதுவே பெயர். 1771இல் வேதியியலர் ஷீலே இக்கல்லோடு கந்தக அமிலம் சேர்த்து ஆராய்ந்தார். அதில் வெளிவந்த அமிலம் கண்ணாடியையே அரித்தது. இன்றும் ஹைட்ரஜன் புளூரைடு தயாரிக்கும் முதன்மையான வழி இதுதான். புற ஊதா ஒளியில் இக்கல் ஒளிர்வதைக் கண்ட இயற்பியலர் ஸ்டோக்ஸ், 1852இல் அந்த ஒளிர்வுக்கும் இதன் பெயரையே சூட்டினார்.

புளூரினைத் தனியே பிரிக்க முயன்றவர் பலர் நஞ்சேறி நோயுற்றனர், சிலர் இறந்தனர். 1886இல் பாரிசில் ஆன்றி முவாசான் வென்றார். பிளாட்டினக் குழாயின் இரு வாய்களையும் அவர் அடைத்தது புளோரைட்டில் கடைந்த அடைப்பான்களால். கொள்ளும் அளவு புளூரினை ஏற்கெனவே கொண்டுவிட்ட கல்லைப் புதிய புளூரின் தாக்குவதில்லை. எவ்வளவு தெளிந்த யோசனை! 1906இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே 1886இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் அப்பே, நிறப்பிறழ்வைக் குறைக்க நுண்ணோக்கி வில்லைகளில் புளோரைட்டைச் சேர்த்தார். இதே குடும்பத்து மக்னீசியம் புளூரைடு, கேமரா வில்லைகளில் எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சாகிறது.

இந்தியாவில் பெயர்பெற்ற படிவு குஜராத்தின் அம்பாடோங்கரில் உள்ளது. தமிழ் மண்ணில் இந்த வேதியியல் வந்து நிற்பது குடிநீரில்.

கால்சியம் புளூரைடு தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும்: லிட்டருக்கு ஏறத்தாழ 16 மில்லிகிராம். அவ்வளவு கரைந்தாலே புளூரைடு 8 மில்லிகிராமை நெருங்கிவிடும். இந்தியத் தரநிலை விரும்பும் அளவோ 1. வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5. நீரில் கால்சியம் மிகுந்திருந்தால் புளூரைடு உப்பாகப் படிந்து நிற்கும். சோடியம் மிகுந்து கால்சியம் குறைந்த கிணற்றில் அந்தப் பிடி தளர்ந்துவிடும். கடும்பாறைப் பகுதியான தர்மபுரி, கிருஷ்ணகிரியில் நடந்தது இதுதான். அங்கே குழந்தைகளின் முன்பற்களில் குறுக்கே காவிக் கோடுகள் ஓடின. பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகின. புளூரோசிஸ் என்னும் இந்நோயை அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் கண்டு ஆய்வாளர் ஷார்ட்டும் உடன் பணியாற்றியோரும் 1937இலேயே எழுதிவிட்டார்கள். காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது 2013இல். இடைப்பட்ட தலைமுறைகள் அந்தத் தண்ணீரைக் குடித்தே வளர்ந்தன.

புதுச்சேரி நகரமும் நிலத்தடி நீரை நம்பியதே. நகரின் நெல்லித்தோப்புப் பகுதிக்கு அடியில் இருப்பது கடும்பாறை அல்ல, படிவு நிலம். தர்மபுரியின் கதை அப்படியே இங்கு பொருந்தாது. ஆனாலும் ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றுக்கும் குணம் வேறு. புளூரைடுக்கு நிறமோ மணமோ இல்லை. கொதிக்கவைத்தால் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்கள் ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.