உறுப்புக்காகக் காத்திருப்போர்: சென்னை மேற்குப் புறநகரின் வரலாறு

மாற்று உறுப்புக்காகப் பெயரைப் பதிந்துவிட்டு முறை வரும்வரை காத்திருப்பது தமிழ்நாட்டில் புதிய அனுபவம். அம்பத்தூருக்குக் கிழக்கே உள்ள வில்லிவாக்கத்துக்கு 1980களின் பிற்பகுதியில் ‘கிட்னிவாக்கம்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. கடனில் சிக்கிய ஏழைகள் அங்கே தங்கள் சிறுநீரகத்தை விற்றனர். பணமுள்ள நோயாளி தரகரைப் பிடித்தால் போதும். பணமில்லாதவருக்கு மாற்று அறுவை என்ற நினைப்பே எட்டாதது.

1994இல் நடுவண் அரசின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்பு விற்பனையைத் தடைசெய்தது. மூளைச்சாவையும் சட்டப்படி மரணமாக ஏற்றது. தமிழ்நாடு 1995இல் அச்சட்டத்தை ஏற்றது. 1997இல் சென்னையில் மருத்துவர் சுனில் ஷ்ராஃப் தொடங்கிய மோகன் அறக்கட்டளை, உறுப்புக் கொடை பற்றிய விழிப்புணர்வைப் பரப்பியது.

திருப்புமுனை 2008 செப்டம்பரில் வந்தது. விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது மாணவர் ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோர் கொடையளித்தனர். போக்குவரத்துக் காவலர்கள் வழியை ஒதுக்கிக்கொடுக்க, அவரது இதயம் அப்பல்லோ மருத்துவமனையிலிருந்து முகப்பேரில் இருந்த ஃபிரான்டியர் லைஃப்லைன் மருத்துவமனைக்கு விரைந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய பகுதி அது. அங்கே ஒரு சிறுமி அந்த இதயத்துக்காகக் காத்திருந்தாள். வண்டி கடந்த நிமிடங்களை ஊரே பேசியது; அவள் காத்திருந்த நாட்களைப் பேசியவர் குறைவு.

அதே ஆண்டில் வந்த அரசாணைகளால் மூளைச்சாவை அறிவிக்கும் நடைமுறை ஒழுங்குபட்டது. மாநிலம் முழுமைக்கும் பொதுவான காத்திருப்போர் பட்டியலும் உருவானது. தரகர் இருந்த இடத்துக்கு வரிசை வந்தது. அது நியாயமானது. ஆனால் வரிசையில் நிற்பவரின் மனநிலை யாருடைய கணக்கில் வரும்?

சிறுநீரகம் செயலிழந்தவர் வழக்கமாக வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். குடிக்கும் தண்ணீருக்கும் அளவு உண்டு. ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குச் செல்பவரின் வண்டி அதே வில்லிவாக்கத்தைக் கடந்துதான் போகிறது. வேலை கைநழுவும், மருந்துச் செலவு கூடும். இதயத்துக்குக் காத்திருப்பவர் நிலை இன்னும் கடினம். எடுத்த இதயம் நான்கைந்து மணி நேரமே தாங்கும் என்பதால் அவர் மருத்துவமனைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தாக வேண்டும். கைப்பேசியை அணைக்க முடியாது. சில வேளைகளில் அழைப்பு வரும், போனபின் உறுப்பு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அந்த இரவைத் தேற்ற மருந்து இல்லை.

இதைவிட ஆழமான உறுத்தலும் உண்டு. தான் பிழைக்க முகம் தெரியாத ஒருவர் சாக வேண்டுமா என்று நோயாளி குமைகிறார். வெளியே சொல்லவும் கூசுகிறார். அந்த மரணம் தன் வேண்டுதலால் நேர்வதில்லை என்பதைப் பொறுமையாக எடுத்துச்சொல்ல ஓர் ஆள் தேவை.

அதற்குரியவர் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். 2011இல் திருத்தப்பட்ட சட்டம் அவரை மருத்துவமனைகளுக்குக் கட்டாயமாக்கியது. மோகன் அறக்கட்டளை இப்பணிக்குப் பயிற்சியளிக்கிறது. எனினும் அவரது நேரத்தில் பெரும்பகுதி கொடையாளர் குடும்பத்தின் துயரத்தோடு கழிகிறது. அதுவே முறை என்றும் சொல்லலாம். காத்திருப்பவருக்கு நாள்தோறும் கிடைக்கும் துணை பெரும்பாலும் வீட்டாரும் பக்கத்துக் கட்டில் டயாலிசிஸ்காரருமே. எதைச் சாப்பிடலாம், ஊசி குத்திய கை வீங்கினால் என்ன செய்வது என்பதை அவரிடம்தான் கேட்பார்கள். ஒருநாள் அந்தக் கட்டில் காலியாக இருக்கும். சிறுநீரகம் கிடைத்துப் போனாரா, இறந்துபோனாரா என்று செவிலியரிடம் கேட்கவே பலருக்குத் தைரியம் வருவதில்லை.